ஒன்றாம் வகுப்பில் நேத்ரா

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, நேத்ராவை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று தலைமை ஆசிரியையின் அறையில் பேச்சு நடந்தது. நேத்ராவுக்கு ஆறு வயது. தன் முன்னால் வைத்த ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, "இது தெரியுங்க மிஸ். ஏழாவது இருந்தா குடுங்க" என்றாள். அதில் பெருமை இல்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்வதுபோலத்தான் கேட்டாள். தலைமை ஆசிரியை எஸ்தர் சிரித்துவிட்டு, வராந்தாவில் இருக்கும் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி அவளை வெளியே அனுப்பினார்.

"என்னோட சர்வீஸ்ல இப்படி ஒரு குழந்தையப் பார்த்ததில்ல" என்றார் எஸ்தர். "ஆறாவதுல போட்டுறலாம். இன்னும் மேலயும் போடலாம், ஆனா பெஞ்சுல உக்காந்தா கால் தொங்கும்."

"ஆறாவதே இருக்கட்டுங்க மேடம்" என்றான் நவநீதன். அவன் உடுமலைக்குத் தெற்கே இருக்கும் காற்றாலைகளில் ஏறிப் பழுதுபார்க்கிறவன். காற்று சீசன் தொடங்கிவிட்டதால் அரைநாள் விடுப்பு வாங்கவே அவன் படாத பாடு பட்டிருந்தான்.

அவன் மனைவி தாரணி மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணாவதுல போட முடியாதுங்களா?" என்றாள்.

எஸ்தர், தனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்பதுபோல் பார்த்தார். "ஒண்ணாவதுல அவளுக்கு என்னம்மா இருக்கு? உயிரெழுத்து சொல்லித் தருவாங்க. இவ நியூஸ் படிச்சிட்டு எங்கிட்ட சந்தேகம் கேக்கறா."

"அவ வயசுப் பிள்ளைங்க இருக்குங்களே."

"வயசுப் பிள்ளைங்க தெருவுல இல்லையா?"

தெருவில் இருந்தார்கள். ஆனால் நேத்ரா அவர்களோடு சேர்ந்ததில்லை. கண்ணாமூச்சி ஆடக் கூப்பிட்டால், ஒளிவதற்கு எந்த இடம் சரி என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். ஆட்டம் அதோடு முடிந்துவிடும். தாரணி அதைச் சொல்ல வாயெடுத்தாள். நவநீதன் அவள் பக்கம் திரும்பி லேசாகத் தலையாட்டினான். வேண்டாம் என்று அர்த்தம். விஷயத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்வதில்லை என்று இருவரும் முந்தின நாளே பேசி வைத்திருந்தார்கள். தெரிந்தால் இடம் கொடுப்பார்களோ மாட்டார்களோ. கொடுத்தாலும் குழந்தையை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஆறாவது என்றே முடிவாயிற்று.

நேத்ரா பிறந்தபோது அழவில்லை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. உடம்பு நீலமாக இருந்த குழந்தையைத் தாரணியிடம் காட்டாமலே ஆம்புலன்சில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு வந்துவிட்டது, ஆனால் மூளைக்கு ரத்தம் போகாமல் இருந்திருக்கிறது, பிழைத்தாலும் கழுத்து நிற்காது, பேச்சு வராது என்றார்கள். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் சில வருஷமாக ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகுத் தண்டில் ஊசியாகப் போடுவது. அடிபட்ட மூளையில் புதுக் கிளைகள் வெடித்து வளரும் என்பதால் அங்கிருந்த நர்சுகள் அதற்குத் துளிர் ஊசி என்று பெயர் வைத்திருந்தார்கள். போடலாமா என்று டாக்டர் பிலோமினா கேட்டபோது நவநீதன் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருந்தது?

ஊசி போட்ட சில நாட்களில் குழந்தை கையைக் காலை ஆட்டியது. ஐந்தாம் மாதம் உட்கார்ந்தது. ஒன்றரை வயதில், தாரணி வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில், பவர் பார்ப்பதற்காகச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தது. கடைக்கு வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். நவநீதன் அதை வீடியோ எடுத்துக் காற்றாலையில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் அனுப்பினான். ஊரில் எல்லாரும் சாமி கொடுத்த பிள்ளை என்றார்கள். தாரணியும் அப்படித்தான் நம்பினாள், போன சித்திரை மாதம் வரைக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூருக்குப் போய்க் காட்ட வேண்டும். சித்திரையில் போனபோது நவநீதனால் வர முடியவில்லை. காத்திருக்கும் கூடத்தில் ஸ்ரீவர்ஷா இருந்தாள். சேலத்துப் பெண், பதின்மூன்று வயது, துளிர் ஊசி போட்டுக்கொண்ட முதல் குழந்தை. நேத்ராவைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, உன் பேரென்ன?"

"நேத்ரா."

"நல்ல பேரு. செஸ் ஆடத் தெரியுமா?"

போன தடவையும் அவள் இதையேதான் கேட்டாள். அதற்கு முந்தின தடவையும் கேட்டாள். குழந்தையிடம் பேச்சுக் கொடுக்கும் முறை போலிருக்கிறது என்று தாரணி நினைத்திருந்தாள். இந்த முறை ஸ்ரீவர்ஷாவின் அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டதைக் கவனித்தாள். நேத்ராவோ ஸ்ரீவர்ஷாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் பலகையை விரித்து ஆட உட்கார்ந்தார்கள்.

உள்ளே டாக்டர் பிலோமினா தாரணியைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார்.

"ஒரு விஷயத்த மனசுல ஒளிச்சு வெச்சு உங்ககிட்டப் பேச முடியலம்மா. நம்ம மூளை புதுசா ஒண்ணப் பதிய வைக்கணும்னா அதுக்கு ஒரு சத்து செலவாகும். நமக்கெல்லாம் அது ஆயுசு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாச் செலவாகுது. இந்தக் குழந்தைங்களுக்கு அந்த மருந்து எல்லாத்தையும் ஒரேயடியாத் திறந்து விட்டுருச்சு. அதனாலதான் இவ்வளவு வேகம். எட்டு வயசு முடியறப்போ அது தீந்துபோகுது."

"தீந்துபோனா?"

"அதுக்கப்புறம் புதுசா எதுவும் தங்காது. காலையில பார்த்தது சாயங்காலம் வரைக்கும் இருக்கும். தூங்கி எந்திரிச்சா போயிருக்கும்."

"எங்களை மறந்துருவாளா டாக்டர்?"

"இல்ல. அதுவரைக்கும் தெரிஞ்சது ஒண்ணுகூடப் போகாது. உங்களைத் தெரியும், வீடு தெரியும், படிச்சதெல்லாம் தெரியும். அதுக்கு மேல சேராது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானுங்களா" என்றாள் தாரணி.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "ஸ்ரீவர்ஷாவுக்கு ஆனப்போ அவளுக்கு மட்டும் வந்த கோளாறுன்னு நெனச்சோம். இப்ப அஞ்சு பேருக்கு ஆயிருச்சு. எல்லாருக்கும் அதே வயசுல."

"அந்த ஊசி போடாம இருந்திருந்தா?"

"இன்னைக்கு உங்க கையப் புடிச்சுட்டு நடந்து வந்திருக்க மாட்டா."

டாக்டரைத் திட்ட வேண்டும் என்று தாரணிக்கு ஆத்திரம் வந்தது. எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது நேத்ரா ஆட்டத்தில் தோற்றிருந்தாள். அவள் தோற்று அதுவரை தாரணி பார்த்ததில்லை. பஸ்ஸில் பல்லடம் தாண்டும்வரை குழந்தை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

நவநீதனிடம் அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் வைத்துச் சொன்னாள். உலரப் போட்ட துணிகளைக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. அவன் வெகுநேரம் கொடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றான். பிறகு பேசியபோது, முடிவு செய்துவிட்டவனைப்போலப் பேசினான்.

"அப்ப இன்னும் மூணு வருஷம் இருக்குது. அதுக்குள்ள அவ எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவும் படிக்கோணும். பள்ளிக்கூடம், காலேஜ், எல்லாம்."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னா? நாளைக்கு நாம இல்லாத காலத்துல அவ யாரை நம்பி இருப்பா? கையில ஒரு தொழில் இருந்தா யாராச்சும் வேலை குடுப்பாங்க. புதுசா கத்துக்கவே முடியாதவளுக்கு வேற என்ன இருக்குது சொல்லு."

"மனுசங்க வேணும்ங்க" என்றாள் தாரணி. "அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் நம்மளத் தவிர யாரு இருக்கா? ஒரு பிள்ளை கூடச் சண்டை போட்டதில்ல, சமாதானம் ஆனதில்ல. அதெல்லாம் இப்பக் கத்துக்காட்டி எப்பக் கத்துக்குவா?"

"சண்டை போடக் கத்துக்கிட்டுச் சோறு திங்க முடியுமா?"

அவன் கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் தாரணியால் மேலே பேச முடியாமல் போனதற்குக் காரணம். அந்த மாதம் முழுக்க இதே பேச்சுத்தான். சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, குழந்தை காதில் விழாத மாதிரி பேசினார்கள். பள்ளிக்கூடம் தேடி அலைந்து அலைந்து, கடைசியில் எஸ்தரின் அறையில் அவள் விட்டுக்கொடுத்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ஆறாம் வகுப்பில் நேத்ராவுக்கு முதல் பெஞ்சு. கால் எட்டாததால் ஒரு மரப்பெட்டியைக் கீழே வைத்திருந்தார்கள். பெரிய பிள்ளைகள் அவளை மாறி மாறித் தூக்கி வைத்துக்கொண்டார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், மதியம் ஊட்டிவிட்டார்கள். கணக்குப் பாடத்தில் அவள் பதில் சொன்னால் வகுப்பே ஆரவாரம் செய்தது. பக்கத்து வகுப்பு வாத்தியார்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எப்படி இருக்குது கண்ணு ஸ்கூலு?" என்று முதல் நாள் தாரணி கேட்டாள்.

"எல்லாரும் நல்லவங்கம்மா" என்றாள் நேத்ரா. கொஞ்ச நேரம் கழித்து, "என்னையப் பொம்மை மாதிரி வெச்சுக்கறாங்க" என்றாள்.

வியாழக்கிழமை காலை தாரணி ஒரு பெரியவருக்கு ஃபிரேம் மாட்டிக் காது ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். நவநீதனும் அன்று பட்டறை வேலையில் இருந்ததால் நேரே வந்துவிட்டான்.

எஸ்தர் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார். "முதல் பீரியட் முடிஞ்சதும் பையத் தூக்கிட்டுப் போய் ஒண்ணாவதுல உக்காந்துட்டா. எவ்வளவு சொல்லியும் எந்திரிக்க மாட்டேங்கறா. நீங்க சொல்லிக் குடுத்தீங்களாம்மா?"

"இல்லைங்க மேடம்" என்றாள் தாரணி. நவநீதன் அவளை ஒருமுறை பார்த்தான். அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான் என்று புரிந்தது.

ஒன்றாம் வகுப்பு, விளையாட்டு மைதானத்தை ஒட்டி, ஓடு போட்ட ஒரு நீளமான அறை. ஜன்னல் ஓரத்து பெஞ்சில் நேத்ரா உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்திருந்தது. ரிப்பனைக் காணவில்லை. இடது மணிக்கட்டில் பல் பதிந்த தடம் இருந்தது. பக்கத்தில் குட்டையாக, சுருட்டை முடியோடு ஒரு பெண் பிள்ளை அழுது முடித்துத் தேம்பிக்கொண்டிருந்தது.

"ஜன்னல் ஓரத்து எடத்துக்குச் சண்டைங்க" என்றார் வகுப்பு ஆசிரியை ராஜாமணி மிஸ். "அந்தப் பிள்ளை தஸ்லீமா. அவதான் கடிச்சது. உங்க பொண்ணும் சும்மா இல்ல, முடியப் புடிச்சு இழுத்துட்டா."

நவநீதன் அந்தக் கடித்தடத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். தாரணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதில் வருத்தம் மட்டும் இல்லை என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. மகள் இன்னொரு குழந்தையின் முடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

குழந்தையை வேப்ப மரத்தடிக்கு அழைத்துப் போனார்கள். நவநீதன் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டான்.

"எதுக்கு அம்மிணி அங்க போயி உக்காந்த? அங்க உனக்குத் தெரியாதது என்ன இருக்குது?"

"பாடம் இல்லைங்கப்பா. பாடம் எனக்கு வீட்டுலயே வந்துரும். நீங்க சொல்லித் தாங்க, நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சு வெச்சுக்கறேன்."

"அப்புறம்?"

நேத்ரா கொஞ்சம் யோசித்தாள். எளிதாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைத் தேடுவதுபோல இருந்தது. அவர்கள் இருவருக்கும் புரியும்படி சொல்ல வேண்டுமே என்று.

"ஆறாவதுல இருந்தா, எனக்கு முடிஞ்சுபோறப்ப நான் ஒன்பதாவதுல இருப்பேன். அதுக்கு மேல எனக்குத் தங்காது. அந்த அக்காங்க எல்லாம் பாஸ் ஆயி வேற ஊருக்குப் போயிருவாங்க. நான் மட்டும் நிப்பேன். ஒண்ணாவதுல இருந்தா இவங்க மெதுவாத்தான் வருவாங்க. பன்னெண்டாவது வரைக்கும் எனக்குப் பாடம் தெரியும்ல, அதனால யாரும் என்னைய நிறுத்த மாட்டாங்க. இவங்க கூடவே போயிக்கலாம். இப்பவே பார்த்துப் பழகி வெச்சுக்கிட்டா இவங்கள எனக்கு எப்பவும் தெரியும்."

தாரணி மரத்தில் கைவைத்துக்கொண்டாள். "உனக்கு யாரு சொன்னது?" என்றான் நவநீதன்.

"யாரும் சொல்லல. ஸ்ரீவர்ஷா அக்கா ஒவ்வொரு தடவையும் எம் பேரைக் கேக்கறாங்க. ஆனா செஸ்ஸுல எல்லாம் ஞாபகம் இருக்குது. சின்ன வயசுல எந்த டீச்சர்னு கேட்டேன், டக்குன்னு சொன்னாங்க. இப்ப எந்த டீச்சர்னு கேட்டேன், அவங்க அம்மாவத் திரும்பிப் பார்த்தாங்க. அவங்க முதுகுலயும் எனக்கிருக்கற மாதிரியே ஊசித் தழும்பு இருக்குதுங்கப்பா." அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் மாடியில பேசறப்போ எனக்குக் கேக்கும். காத்து வீட்டுப் பக்கந்தானே அடிக்குது."

நவநீதன் அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்து மூடிக்கொண்டான். நூறு அடிக் கோபுரத்தில் காற்றடிக்கும்போது ஏறுகிற ஆள். அவன் முதுகு குலுங்குவதைத் தாரணி கல்யாணமான நாள் முதல் அன்றுதான் பார்த்தாள். குழந்தை, "அழுவாதீங்கப்பா, அந்தப் பிள்ளைகிட்ட இன்னும் சாரி கேக்கல, பெல் அடிச்சிருவாங்க" என்றாள்.

எஸ்தரிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வேறு எதுவும் கேட்காமல், "ஒண்ணாவதுலயே இருக்கட்டும்" என்றார். பள்ளிக்கூடத்தில் அவருக்கும் ராஜாமணி மிஸ்ஸுக்கும் தவிர யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார்.

அதன்பிறகு வீடு ஒரு பயணத்துக்கு மூட்டை கட்டுகிற வீடு மாதிரி ஆயிற்று. சாயங்காலம் நவநீதன் பாடம் எடுத்தான். ஒன்பதாவது கணக்கு அவனுக்கே மறந்துபோயிருந்தது. காற்றாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் படித்துக்கொண்டு வந்து சொல்லிக் கொடுத்தான். பத்தாவதைத் தாண்டியபோது நேத்ரா அவனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். தாரணி மற்றதையெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அடுப்பு பற்றவைப்பது, சாதம் வடிப்பது, சைக்கிள், எந்த பஸ் எங்கே போகும், தொடக்கூடாத இடத்தில் ஒருவன் தொட்டால் எப்படிக் கத்துவது. ஏழு வயதுக் குழந்தையிடம், இன்னும் சில வருஷம் கழித்து உடம்பிலிருந்து ரத்தம் வரும், பயப்படக் கூடாது, இப்படிச் செய்ய வேண்டும் என்று துணியை மடித்துக் காட்டிச் சொன்னாள். குழந்தை கவனமாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்கம்மா, வந்துருச்சுன்னா தெரிஞ்சுக்குவேன்" என்றது. தாரணி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

ஒன்றை மட்டும் யாரும் பேசவில்லை. நேத்ராதான் பேசினாள். மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறை. மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் எனக்கு முன்னாடியே செத்துப்போயிருவீங்கதானே?" என்றாள்.

கத்தி தாரணியின் கையில் அப்படியே நின்றது.

"அப்பச் சொன்னா எனக்குத் தங்காதும்மா. தெனமும் எந்திரிச்சு அம்மா எங்கன்னு கேப்பேன். யாராச்சும் தெனமும் சொல்லோணும். நான் தெனமும் புதுசா அழுவேன். அதனால இப்பவே சொல்லி வெச்சிருங்க. காலையில எந்திரிச்சு நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இல்லைன்னா, தேடாம நானே புரிஞ்சுக்கறேன்."

நவநீதன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். தாரணி கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மகளை மடியில் இழுத்து உட்காரவைத்தாள். வளர்ந்துவிட்டாள், கால் மடிக்கு வெளியே நீண்டது. தாரணி சொன்னாள். எப்படி ஆரம்பித்தாள், என்ன வார்த்தை சொன்னாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகம் இல்லை. சொல்லி முடித்ததும் நேத்ரா அவள் தோளில் முகத்தைப் புதைத்து ரொம்ப நேரம் அழுதாள். அதற்குப்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நான்காம் வகுப்பு தொடங்கியது. நேத்ராவுக்கு அப்போதுதான் ஒன்பது வயது ஆகியிருந்தது. வீட்டில் எல்லாம் பழைய விஷயங்கள்தான். அதே வாசல், அதே தட்டு, அதே அப்பா அம்மா. வித்தியாசம் தெரிய வழியில்லை. முன்பெல்லாம் காலையில், "நேத்து ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று தாரணி கேட்பது வழக்கம். ஜூன் மாதத்துக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். நவநீதனும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் தஸ்லீமா அவள் அத்தாவோடு கண்ணாடிக் கடைக்கு வந்தாள். போர்டில் எழுதுவது மங்கலாகத் தெரிகிறதாம். அந்த முதல் வியாழக்கிழமைக்குப் பிறகு அவளும் நேத்ராவும் ஒரே பெஞ்சுதான். எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பேசாமல் இருந்து மறுபடி சேர்ந்திருக்கிறார்கள். தாரணி அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். அத்தா வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இது நல்லாத் தெரியுதா, அதுவா?"

"இது."

"இப்ப?"

தஸ்லீமா அந்தக் கனமான சோதனை ஃபிரேமுக்குள்ளிருந்து தாரணியைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நான் கண்ணாடி போட்டா நேத்ராவுக்கு என்னைத் தெரியுமா?"

"ஏன் தெரியாது?"

"இல்ல, அவளுக்குக் கண்ணாடி போடாத என்னைத்தானே தெரியும்."

தாரணி கையிலிருந்த வில்லையைத் தட்டில் வைத்தாள். "எதுக்குக் கண்ணு அப்படிச் சொல்ற?"

"அவளுக்குத்தான் ஆரம்பிச்சிருச்சே ஆன்ட்டி." தஸ்லீமாவுக்குச் சட்டென்று சந்தேகம் வந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியாதா?"

தாரணி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "சொல்லு" என்றாள்.

"ஸ்கூல் திறந்து கொஞ்ச நாள்ல இருந்து. இந்த வருஷம் நாகஜோதி மிஸ்னு புதுசா வந்திருக்காங்க. தெனமும் இவங்க யாருன்னு கேக்கறா. ரெண்டாவது படிக்கறப்பவே எங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டா, புதுசா யாராச்சும் வந்தா எனக்குத் தங்காது, சிரிக்கக் கூடாது, காலையில யாராச்சும் சொல்லிருங்கன்னு. நாங்க முறை வெச்சிருக்கோம். கேட்டுக்குள்ள வந்ததும் அன்னைக்கு முறை யாருக்கோ அவங்க சொல்லிருவோம். மிஸ்ஸுக்கே தெரியாது." தஸ்லீமா மூக்கை உறிஞ்சினாள். "வீட்டுல சொல்லாதேன்னு அவதான் சொல்லியிருந்தா. எங்க அம்மா அப்பா பயந்திருவாங்க, அவங்களாவே கண்டுபிடிக்கட்டும்னு."

தாரணி அவள் முகத்திலிருந்து சோதனை ஃபிரேமை மெதுவாகக் கழற்றினாள். மூக்கின்மேல் பதிந்திருந்த தடத்தைக் கட்டை விரலால் நீவிவிட்டாள். கடையில் இருந்ததிலேயே மெல்லிய, நிறமே இல்லாத ஃபிரேம் ஒன்றைத் தேடி எடுத்தாள். போட்டால் போட்டதே தெரியாத மாதிரி இருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவள் கடைக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடை ஓரமாக நின்றாள். நவநீதனும் வந்திருந்தான். அவனிடம் சொன்ன நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. நேத்ரா பஸ்ஸிலிருந்து இறங்கிக் கேட்டுக்குள் போனாள். உள்ளே கேட்டை ஒட்டிய மரத்தடியில், பேச்சு காதில் விழும் தூரத்தில், தஸ்லீமா காத்திருந்தாள். நேத்ரா வருவதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வருஷம் நாகஜோதி மிஸ். உயரமா இருப்பாங்க. நல்லவங்கதான், சத்தமாப் பேசுனா மட்டும் புடிக்காது" என்றாள்.

"சரி" என்றாள் நேத்ரா.

"இப்பப் பாரு." தஸ்லீமா அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

நேத்ரா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐய, எப்படி இருக்குது உனக்கு. எப்பப் போட்ட?"

"இன்னைக்குத்தான்."

இருவரும் கைகோத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். நவநீதன் வண்டியைக் கிளப்பினான். தாரணி பின்னால் உட்கார்ந்து அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, நேத்ரா மறந்து விட்டுப்போன குடையைக் கொடுக்கத் தாரணி பின்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தஸ்லீமாவின் ஃபிரேமில் ஒரு காது ஒடிந்து வெள்ளை நூல் சுற்றியிருந்தது. மழைக்கு ஒதுங்கிய வராந்தாவுக்கு நேத்ரா வந்ததும் தஸ்லீமா அதைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள்.

"அட, கண்ணாடி" என்றாள் நேத்ரா. "எப்பப் போட்ட?"

தஸ்லீமா நூல் சுற்றிய பக்கத்தை முடியால் மறைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குத்தான்."